கணக்கு டீச்சரின் கோழி

சாவு வீட்டில் தேநீர் போட ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்காமல்தான் எல்லாம் ஆரம்பித்தது. வந்தவர்கள் கூடத்தில் நிரம்பி வழிந்தார்கள். அடுப்பு இரண்டும் போதவில்லை. ஃப்ரிட்ஜ்காரரின் அக்கா பக்கத்து வீட்டிலிருந்து கரண்டில் வெந்நீர் போடும் பெரிய பாத்திரம் ஒன்றை வாங்கி வந்து, எங்கே செருகலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலோர மேசைக்கு அடியில் ஒரு பிளக் பாயிண்ட் கண்ணில் பட்டது. அதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இதைச் செருகினாள். எல்லோருக்கும் சூடாகத் தேநீர் கிடைத்தது. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் இரைச்சல் நின்றுபோனதை அந்த அமளியில் யாரும் கவனிக்கவில்லை.

அது எத்தனையோ வருஷமாக இரைந்துகொண்டே இருந்த கம்ப்யூட்டர். பழுப்பேறிய பெரிய பெட்டி, அதன் மேல் தொந்தி வைத்த திரை. கணக்கு டீச்சர், அதாவது ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்த ஃப்ரிட்ஜ்காரரின் மனைவி, அதை அணைக்கவே விடமாட்டாள். வெளியே எங்கு போனாலும் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை அதன் போக்கில் ஓடவிட்டுத்தான் கிளம்புவாள். ஃப்ரிட்ஜ்காரரோ ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் வயிறு எரிகிற மனிதர்.

"ராவும் பகலும் எதுக்கு இப்படி ஓடணும்?" என்று கேட்பார்.

"கோழி அடைக்கு உக்காந்திருக்குங்க. நடுவுல எழுப்பினா முட்டையெல்லாம் கூமுட்டையாயிடும்" என்பாள் அவள்.

கோழி என்பது அவளே எழுதிய ஒரு புரோகிராம். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் டைம்டேபிள் போட்டுத் தருவது அதுதான். எந்த வகுப்புக்கு எந்தப் பாடம், எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட் என்பதையெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக வைத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் எடுத்துவிட்டு வேறு கட்டத்தில் வைக்கும். ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி கட்டத்துக்குக் கட்டம் தாவித் தாவிக் கொத்துவது போல இருக்கும். அதனால்தான் கோழி. விடுமுறையில் ஒருநாள் அதை ஓடவிட்டுவிட்டு அவள் துணி மடிப்பாள், வெங்காயம் உரிப்பாள், நடுநடுவே வந்து எட்டிப் பார்ப்பாள்.

அந்த வருஷக் கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், வகுப்பில் ஒரு கணக்கைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் யாரும் போகவில்லை. அக்கா மட்டும் அவ்வப்போது ஒரு துணியால் அதன் தலையைத் துடைத்துவிட்டு வந்தாள். அவள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கணவர் போன பிறகு தனியாக இருந்தவள், தம்பிக்குச் சமைத்துப் போட வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். சின்ன வீட்டுக்குள் பேசினாலும் பஸ்ஸின் கடைசி இருக்கை வரை கேட்கும்படிதான் பேசுவாள்.

பள்ளி திறக்கப் போகிற நேரத்தில் தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்களத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கி டைம்டேபிள் போட்டோம். ஸ்டாஃப் ரூம்ல அடிதடி நடக்காத குறை. மூச்சிரைப்பு இருக்கற டிரில் மாஸ்டரத் தினமும் முதல் பீரியட்ல கிரவுண்டுக்கு அனுப்புது. பத்து வருஷமா முகம் குடுத்துப் பேசாத ரெண்டு பேரை ஒரே நேரத்துல ஓய்வா உக்காத்தி வைக்குது. டீச்சரோட டைம்டேபிள்ல இப்படி ஒரு நாளும் வந்ததில்ல. அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

"ஓடுதா?"

அவர் போய் சுவிட்சைப் போட்டார். ஓடவில்லை. அடியில் குனிந்து பார்த்தபோதுதான் பிளக் தரையில் கிடந்தது தெரிந்தது. செருகிவிட்டுப் போட்டார். விசிறி இரைந்தது, திரை விழித்தது, ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி வந்தது, அதோடு நின்றுவிட்டது. கடைத்தெருவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார். அவர் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல், "டிஸ்க் போயிடுச்சுங்க. இதுக்கு இப்ப பார்ட்ஸே கிடையாது. பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஃப்ரிட்ஜ்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியின் துணிமணியை அக்கா எடுத்துக் கட்டியபோதுகூட அவர் இவ்வளவு இடிந்துபோகவில்லை. அவள் போன பிறகும் அவள் போட்ட மணிக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் மட்டுமாவது அப்படியே நடந்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

தலைமையாசிரியைக்குப் போன் செய்து, "இன்னொரு தடவ பாத்துடலாம், மேடம்" என்றார்.

"சனிக்கிழமை நம்ம கம்ப்யூட்டர் டீச்சர அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள எழுந்துச்சுன்னா சரி. இல்லேன்னா அந்தப் புது டைம்டேபிள்லயே கையெழுத்துப் போட்டுடுவேன், சார். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. எனக்கு வேற வழியில்ல."

கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம்தான் ஆகியிருந்தது. தோளில் தன் மடிக்கணினிப் பையோடு வந்தவள், மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மாடி! இத நான் பாடப் புத்தகத்துலதான் சார் பாத்திருக்கேன்."

"பயப்படாத பாப்பா, கடிக்காது" என்றாள் அக்கா.

சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி திரையில் எண்களை எண்ணிக் காட்டியது, ஒருமுறை கூவியது, பழைய இரண்டு வரியும் வந்தன. கம்ப்யூட்டர் டீச்சர் குனிந்து மெல்லப் படித்தாள்.

"முதல் வரியில பேட்டரி தீந்துபோச்சுங்குது. ரெண்டாவதுல டிஸ்க்கக் காணோங்குது. தேதியப் பாருங்க. இதோட கணக்குப்படி நான் இன்னும் பொறக்கவே இல்ல."

"நான்கூட வேலைக்குச் சேரலடி" என்றாள் அக்கா, திரையில் இருந்த வருஷத்தைப் பார்த்து. "எவ்வளவு ஒல்லியா இருந்தேன் தெரியுமா அப்ப?"

"டிஸ்க்கே போயிடுச்சுன்னு ரிப்பேர்காரர் சொன்னாராமே" என்றாள் டீச்சர், தயங்கியபடி.

ஃப்ரிட்ஜ்காரர் தன் கருவிப் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டிஸ்க்கின் ஓரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். ஃப்ரிட்ஜின் கம்ப்ரெஸருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவர் செய்கிற வேலைதான் இது.

"சுத்துது" என்றார். "சீராத்தான் சுத்துது. செத்தது இப்படிச் சுத்தாது."

"நானும் கேக்கலாமா, சார்?"

அவள் காதில் வைத்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது. "ஆமா, உள்ள ஏதோ பாடுது!" என்றாள். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. இதுக்குத்தான் ஞாபகம் போயிடுச்சு. இப்ப வர்ற மெஷின்லாம் எந்த டிஸ்க் மாட்டியிருக்குன்னு தானாத் தெரிஞ்சுக்கும். அந்தக் காலத்து மெஷினுக்கு நாமதான் சொல்லித் தரணும்னு நினைக்கிறேன். சொன்னத ஞாபகம் வெச்சுக்கத்தான் அந்தப் பேட்டரி. பேட்டரி எப்பவோ தீந்திருக்கு. கரண்ட் இருக்கற வரைக்கும் ஞாபகம் இருந்திருக்கு."

"அப்ப நான் பிளக்கப் பிடுங்கினதாலயா?" என்றாள் அக்கா. குரல் முதல்முறையாகப் பஸ்ஸின் முன்வரிசையோடு நின்றது.

"நீங்க பிடுங்காட்டியும் என்னைக்காவது கரண்ட் போயிருக்கும்மா."

ஃப்ரிட்ஜ்காரருக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. கரண்ட் போய் வந்த நாட்களில் எல்லாம் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்து, நின்றபடியே சடசடவென்று ஏதோ எண்களைத் தட்டுவாள். கடையில் மீதிச் சில்லறை வாங்குவது போல அவ்வளவு சாதாரணமாகச் செய்வாள். என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன, கோழிக்குத் தீனி என்று சொல்லியிருப்பாள்.

"அந்த எண்களெல்லாம் அவ மனசுலயே வெச்சிருந்தா" என்றார்.

"டிஸ்க் மேலயே அச்சடிச்சிருப்பாங்க, சார். கழட்டிப் பாத்தாத் தெரியும்."

டிஸ்க்கின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. ஃப்ரிட்ஜ்காரர் அதைத் தாம்பாளம் போலக் கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். டீச்சர் ஏதேதோ தட்டி, நீலத் திரை ஒன்றை வரவழைத்தாள்.

"இங்க மூணு எண் கேக்குது. அதுல ஒண்ணு, டிஸ்க்குல படிக்கற தலை எத்தனைன்னு."

"எத்தனை தலையா?" என்றாள் அக்கா. "ராவணனுக்கே பத்துத்தான்டி. இதுக்கு அதவிட ஜாஸ்தி போட்டிருக்கான்."

பிறகு அவள் டிக்கெட் கிழிக்கிற குரலில் எண்களை ஒவ்வொன்றாகக் கூவினாள். டீச்சர் அவற்றை அப்படியே தட்டினாள். மறுபடி இயக்கிப் பார்த்தார்கள். பெட்டி கூவியது, யோசித்தது, டிஸ்க்கைக் காணோம் என்றது. இன்னொருமுறை கூவினாள், இன்னொருமுறை தட்டினாள். காணோம்.

மத்தியான வெயில் சுவரிலிருந்து இறங்கி மேசைக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியை ஒருமுறை போன் செய்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். டீச்சர் தலையைச் சொறிந்துகொண்டாள். ஃப்ரிட்ஜ்காரர் அக்காவைப் பார்த்தார்.

"நீ சரியாத்தான் படிக்கறியா?"

"டேய், எத்தனை ஆயிரம் பேருக்குச் சில்லறை எண்ணிக் குடுத்தவ நான். ஒருத்தன் குறை சொன்னதில்ல. எழுதியிருக்கற வரிசையிலதான் படிக்கறேன்."

"எந்த வரிசையிலம்மா?" என்றாள் டீச்சர் சட்டென்று.

"மேலேருந்து கீழ."

டீச்சர் எழுந்து வந்து சீட்டைத் தானே பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். சீட்டில் தலைக் கணக்கு கடைசியில் இருந்தது. திரையோ அதை நடுவில் கேட்டது. மாற்றித் தட்டினாள்.

பெட்டி எண்ணியது. கூவியது. பிறகு உள்ளேயிருந்து கிர்ர்... டக்டக்... கிர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ கொண்டையில் இருக்கிற ஊசிகளையெல்லாம் ஒரு தகர டப்பாவில் கொட்டிக் கிளறுவது போன்ற சத்தம். எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார், சண்டை போட்டார். ஃப்ரிட்ஜ்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துடுச்சு!" என்று டீச்சர் குதித்தாள்.

அக்கா மேசைக்கடியில் குனிந்து பிளக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இனிமே இதுக்கு நான்தான் கண்டக்டர். ஒருத்தரும் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

கோழியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பெயரிலேயே இருந்தது. உள்ளே ஆசிரியர்களின் பெயர்கள் இருக்குமோ, அவள் பெயரை அழிக்க வேண்டியிருக்குமோ என்று ஃப்ரிட்ஜ்காரருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. பெயர்களே இல்லை. கணக்கு, அறிவியல், டிரில், தையல் என்று பாடங்கள்தான் இருந்தன. ஏழாம் வகுப்பில் இந்த வருஷம் புதிதாக ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. டீச்சர் அதைச் சேர்த்துவிட்டுக் கோழியை அவிழ்த்துவிட்டாள். வெள்ளைப் புள்ளி தாவத் தொடங்கியது.

மூன்று பேரும் தேநீர் குடித்தார்கள். அக்கா மேசைக்கடியிலிருந்தே குடித்தாள்.

"கணக்கு டீச்சர் என்கிட்ட ரொம்பப் பேசினதில்ல, சார்" என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர். "ஆனா நான் சேந்த வருஷம், மதியம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் எனக்கு வராத மாதிரி பண்ணியிருந்தாங்க. அந்த நேரத்துல பசங்க தூங்குவாங்க, புதுசா வந்தவளுக்குத் தாங்காதுன்னாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பெட்டி கூவியது. புள்ளி நின்றிருந்தது. திரையில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள் அவள். டீச்சர் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"'இடம் போதல. யாராவது ஒருத்தர் விட்டுக் குடுக்கணும். யாரு?' அப்படின்னு கேக்குது, சார்."

"அவளே கேக்கற மாதிரி இருக்கே" என்றது மேசைக்கடியிலிருந்து குரல்.

கீழே சில வரிகள் வந்தன. புதுப் பிரிவுக்கு ஒரு கணக்கு பீரியட் குறைந்தது. அவள் எழுதிவைத்திருந்த சலுகைகளில் அதற்கு வழிவிடக்கூடியவை இரண்டே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணமும் போட்டிருந்தது. டிரில்லுக்கு முதல் பீரியட் கூடாது, காரணம், மூச்சிரைப்பு. அதற்கடுத்த வரியைப் படிக்கும்போது டீச்சரின் குரல் இறங்கியது.

"கணக்குக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் காலி. காரணம், வீடு."

டிஸ்க் மட்டும் கிளறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃப்ரிட்ஜ்காரரின் கடைக்கு வார விடுமுறை. அன்று அவள் சீக்கிரம் வந்துவிடுவாள். வந்து பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள். தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார்கள்; அவள் காலை நீட்டி ஸ்டூலில் வைத்துக்கொள்வாள்; அவர் அந்த வாரம் வந்த கிராக்கிகளைப் பற்றிச் சொல்வார்; அவள் சிரிப்பாள். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று ஒருமுறை கேட்டதற்கு, "எச்.எம். பாத்து வயசானவளுக்குப் போட்ட பிச்சைங்க" என்றாள். அவரும் நம்பி, தலைமையாசிரியையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"திருடி" என்றார் ஃப்ரிட்ஜ்காரர். சிரிப்பும் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிரில் மாஸ்டரோடத எடுத்துடலாமா, சார்?" என்றாள் டீச்சர் மெதுவாக. "வாரத்துக்கு ஒரு நாள்தானே. நான் அவர்கிட்டப் பேசிக்கறேன்."

"புதுசா வந்திருக்கற கணக்கு வாத்தியார் யாரு?"

"காலேஜ் முடிச்ச கையோட வந்திருக்காரு. கல்யாணம்கூட ஆகல."

"அப்ப அவருக்கு வெள்ளிக்கிழமை சீக்கிரம் போய் என்ன வேலை?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டேய் தம்பி, நான் சும்மா சொன்னேன். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய். இத்தனை வருஷமா உங்க ரெண்டு பேருக்குன்னு வெச்சிருந்த பீரியட் அது."

ஃப்ரிட்ஜ்காரர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிரில் மாஸ்டர் அவள் சாவுக்கு வந்திருந்தார். படியேறி வந்து, பேசமுடியாமல் மார்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற மனிதர். அவரைக் காலைப் பனியில் ஓடவிட்டுவிட்டு, ஆளில்லாத ஜன்னலோரத்துக்காக ஒரு பீரியடைப் பூட்டி வைத்தால், அது அவள் போட்ட டைம்டேபிளாக இருக்காது என்று அவருக்குப் பட்டது.

"எந்தக் கட்டையத் தட்டணும்?" என்றார்.

டீச்சர் காட்டினாள். அவர் தடித்த விரலால், கண்ணாடித் தட்டைத் தொடுவது போல, ஒருமுறை தட்டினார். வெள்ளிக்கிழமை மறைந்தது. கோழி மறுபடி தாவத் தொடங்கியது. இம்முறை எங்கும் நிற்கவில்லை. வெயில் ஜன்னலைவிட்டுப் போவதற்குள் கட்டங்கள் முழுக்க நிரம்பிவிட்டன.

டீச்சர் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "சார்" என்றாள் தலைமையாசிரியை. அப்புறம் திங்கள் முதல் வெள்ளி வரை முணுமுணுத்துப் படித்துப் பார்த்தாள். "இதுதான் சார் டைம்டேபிள்" என்று முடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது நான் எழுந்திருக்கலாமா?" என்றாள் அக்கா. "கால் மரத்துப்போச்சு."

பள்ளி திறந்த வாரமே, குடிதண்ணீர் குளிர்விக்கும் மெஷின் ஓடவில்லை என்று ஃப்ரிட்ஜ்காரரைக் கூப்பிட்டார்கள். கடைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மத்தியானமாகப் பார்த்துப் போனார். தாழ்வாரத்தின் கோடியில் முட்டி போட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது கடைசி பீரியடுக்கு மணி அடித்தது. பக்கத்து வகுப்பு ஏழாம் வகுப்பின் புதுப் பிரிவு. உள்ளே பிள்ளைகள் பின்னத்தோடு மல்லுக்கட்டுகிற சத்தமும், ஒரு இளைஞனின் குரல் மேசையைத் தட்டித் தட்டி அடக்குகிற சத்தமும் கேட்டன. அவர் கை தன்பாட்டில் வேலை செய்தது. காது அங்கேயே இருந்தது. அரைக்கால் எவ்வளவு, முக்கால் எவ்வளவு என்று ஒரு கும்பல் ஏகக் குரலில் தப்பாகச் சொன்னது. அவருக்கு அது இதமாக இருந்தது.

சிறிது நேரத்தில் புதுக் கணக்கு வாத்தியார் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, தொண்டை வறண்டுபோய், ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"தண்ணி வருமா, சார்?"

"ஒரு நிமிஷம், தம்பி."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஏழாங்கிளாஸுக்குப் பின்னம். பாதிப் பேர் தூங்கறான், மீதிப் பேர் பையத் தூக்கி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். எந்தப் புண்ணியவான் சார் இந்த டைம்டேபிளப் போட்டது?"

ஃப்ரிட்ஜ்காரர் கடைசித் திருகை முறுக்கிவிட்டு, நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி" என்றார். "டம்ளரக் குடுங்க. இப்ப ஜில்லுனு வரும்."